மொத பெரிய மலை எது: ஃப்ரெண்ட்ஷிப் பீக்கா, கிளிமஞ்சாரோவா, ஐலண்ட் பீக்கா?

2023 மே மாசம் நம்ம பக்கத்து விருதுநகர் மாவட்டத்துக்காரங்க முத்தமிழ்செல்வி எவரெஸ்ட் ஏறுனாங்க, தமிழ்நாட்டுல இருந்து அங்க ஏறுன மொத பொண்ணு அவங்கதான். அதுக்கப்புறம் பாளையங்கோட்டை ரன்னிங் குரூப்ல இருந்து அம்பாசமுத்திரம் ட்ரெக்கிங் பசங்க வரைக்கும் எங்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், கைடு கூட்டிட்டுப் போற மாதிரி ஒரு பெரிய மலை, மொத மலை, எதுக்குப் போலாம் அண்ணேன்னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட்ல சொல்லுறதுக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிருதேன்.

எவரெஸ்ட்ட இப்போதைக்கு ஓரமா வெச்சிருவோம். நேபாள அரசாங்கம் பெர்மிட்டுக்கு மட்டும் 11,000 டாலர் வாங்கிட்டு இருந்தது 2025 செப்டம்பர்ல இருந்து 15,000 டாலர் ஆயிட்டு, ஷெர்பா, ஆக்ஸிஜன், சாப்பாடு எல்லாம் அதுக்கு மேல தனி. லீவு போட்டு, சேத்து வெச்ச காசுல போற நம்மள மாதிரி ஆளுகளுக்கு எட்டக்கூடிய மூணு மலைய எடுத்துக்கிட்டேன்: மணாலி பக்கத்துல ஃப்ரெண்ட்ஷிப் பீக் 5,289 மீட்டர், தான்சானியால கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர், நேபாளத்துல எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போற வழிய ஒட்டி ஐலண்ட் பீக் 6,189 மீட்டர். மூணுக்கும் நான் கைடு கூடத்தான் போனேன். உயரத்த வெச்சுப் பாத்தா இதுதான் வரிசை, ஆனா கஷ்டம் அந்த வரிசைல வராது, இருக்கதுலயே ஒசரம் கம்மியான ஃப்ரெண்ட்ஷிப்ல பனில நடக்கத் தெரியணும், அதவிட 600 மீட்டர் ஒசந்த கிளிமஞ்சாரோவுல கயிறும் வேண்டாம், பனில குத்துற கோடாலி, அதான் ஐஸ் ஆக்ஸும் வேண்டாம், கடைசி வரைக்கும் நடந்தே போயிரலாம்.

என் முடிவ மொதல்லயே சொல்லிருதேன். காலு நல்லா இருக்கு, மலையேத்தத்த உருப்படியா கத்துக்கணும்னு ஆசை இருந்தா ஃப்ரெண்ட்ஷிப். அம்பது வயசு தாண்டியாச்சு, இல்ல வாழ்நாள்ல ஒரு தடவதான் போகப்போறேன், உச்சி கண்டிப்பா வேணும்னா கிளிமஞ்சாரோ, அதுவும் ஏழு நாளுக்குக் கொறையாம. ஐலண்ட் பீக்க மொத மலையா எடுக்காதீங்க, ரெண்டாவதா எடுங்க.

மூணுக்கும் பொதுவா ஒரு விஷயம் இருக்கு, அது காத்து. 5,500 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கதுல பாதிதான், அப்போ ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போற ஆக்ஸிஜனும் பாதி. திருநெல்வேலி டவுன் கடல் மட்டத்துல இருந்து 50 மீட்டர் கூட கிடையாது. போனக்காடு வழியா அகஸ்தியர் மலை ஏறுனவங்க நெறைய பேரு நம்மகிட்ட இருக்காங்க, நல்ல ஏத்தம்தான், காலுக்கு அதவிட நல்ல சோதனை இந்தப் பக்கம் இல்ல, ஆனா பொதிகை உச்சியே 1,868 மீட்டர்தான், உயரத்தால வர்ற தலைவலியும் வாந்தியும் பொதுவா 2,500 மீட்டருக்கு மேலதான் ஆரம்பிக்கும். மாரத்தான் ஓடுற ஆளுக்கும் வரும், நடக்கவே சோம்பல் படுற ஆளுக்கு வராமயும் போகும், முன்கூட்டிச் சொல்ல முடியாது. டாக்டர்மார் சொல்லுற கணக்கு என்னன்னா, 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா படுக்குற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருக்க அதே ஒசரத்துல ஒரு நாள் தங்கணும். எந்த கம்பெனி பேக்கேஜ் அனுப்பினாலும் விலைய பாக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஒசரத்துல படுக்க வெக்காங்கன்னு பேனா எடுத்து எழுதிப் பாருங்க, பாதி பேக்கேஜ் அங்கனயே அடிபட்டுப் போகும்.

அந்தக் கணக்க கிளிமஞ்சாரோவுல போட்டுப் பாப்போம். மராங்கு ரூட்டுல மட்டும்தான் குடிசை மாதிரி ஹட்ல தங்கலாம், அதனால நம்ம ஆளுக அதையே கேக்காங்க, விலையும் கம்மி. மந்தாரா ஹட் 2,720, அடுத்த ராத்திரி ஹொரொம்போ 3,720, அதுக்கடுத்த ராத்திரி கிபோ 4,720. ராத்திரிக்கு ராத்திரி ஆயிரம் மீட்டர் தூக்குறாங்க, அன்னைக்கு நடுராத்திரியே எழுப்பி உச்சிக்குக் கூட்டிட்டும் போறாங்க. அஞ்சு நாள் மராங்கு பேக்கேஜ்ல பாதி வழில திரும்புறவங்க கூடுதலா இருக்கதுக்கு இதுதான் காரணம், ஹொரொம்போல ஒரு நாள் கூடுதலா தங்குனா கொஞ்சம் தேவலாம். மச்சாமே ரூட்டுல ஏழு நாள் எடுத்தீங்கன்னா லாவா டவர்னு 4,600 மீட்டர் வரைக்கும் ஏத்திட்டு அன்னைக்கே பாரங்கோ கேம்ப்புக்கு, 3,900 சொச்சத்துக்கு, இறக்கிப் படுக்க வெப்பாங்க, உடம்பு மேல உள்ள காத்த ருசி பாத்துட்டு கீழ வந்து தூங்கும். தலைவலி அன்னைக்கு சாயங்காலம் வந்துட்டு காலைல போயிருது, அதுக்கப்புறம் உச்சி ராத்திரில கைடு "போலே போலே"ன்னு, மெதுவா மெதுவான்னு அவங்க பாஷைல, சொல்லிக்கிட்டே முன்னாடி போற வேகத்துல நீங்களும் போயிருவீங்க.

அந்த கடைசி ராத்திரிய சும்மா நெனச்சிராதீங்க. பராஃபு கேம்ப் 4,673 மீட்டர், அங்கன இருந்து நடுராத்திரி கெளம்பி சரளைக்கல்லுல 1,200 மீட்டர் ஏறணும், ரெண்டடி வெச்சா ஒரு அடி பின்னாடி சறுக்கும், பாட்டில்ல தண்ணி ஒறஞ்சு மூடி திறக்காது (பாட்டில தலைகீழா வெச்சா அடிப்பக்கம் மொதல்ல ஒறையும், வாய்ப்பக்கம் தப்பிச்சிரும்). ஸ்டெல்லா பாயிண்ட் வந்ததும் எரிமலை வாய் விளிம்பு, அங்கன இருந்து உச்சி, அதான் உகுரு, வரைக்கும் சரிவு கம்மிதான், விடியுற வெளிச்சத்துல பனிப்பாறை மதில் மாதிரி நிக்கும், எனக்கு அந்த முக்கால் மணி நேரம் அழுகையா வந்துச்சு, பக்கத்துல வந்த ஜெர்மன்காரரும் அழுதுட்டுத்தான் இருந்தாரு. அப்புறம் அதே நாள்ல ம்வேகா கேம்ப்புக்கு, 3,100 மீட்டருக்கு, இறங்கணும். முட்டிக்கு வேலை அங்கதான்.

கிளிமஞ்சாரோவுல கைடு இல்லாம ஏற அனுமதியே கிடையாது, அதனால போட்டி எல்லாம் விலைலதான். ஏழு நாளுக்கு பார்க் ஃபீஸ், கேம்ப் ஃபீஸ் மட்டுமே வரியோட சேத்து ஆயிரம் டாலர் பக்கம் வந்துரும், அந்தக் காச யாராலயும் கொறைக்க முடியாது. அப்போ ஒருத்தர் 1,300 டாலருக்கு கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா அந்தக் கொறவு போர்ட்டர் கூலில இருந்துதான் வருது, வேற எங்கன இருந்தும் வராது. ஒரு போர்ட்டர் 20 கிலோவுக்கு மேல தூக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, கேட்ல எடை போடுறாங்க. கிழிஞ்ச ஷூவோட நம்ம கூடாரத்த சுமந்துட்டு நமக்கு முன்னாடி ஓடுற பையன பாத்தீங்கன்னா விலை பேசத் தோணாது. கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்பு ஒழுங்கா கூலி குடுக்குற கம்பெனி பட்டியல் வெச்சிருக்கு, அதுல பேரு இருக்கான்னு பாத்துட்டு புக் பண்ணுங்க.

இப்போ ஃப்ரெண்ட்ஷிப். நெல்லைல இருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல டெல்லி, அங்கன இருந்து ராத்திரி பஸ்ல மணாலி, விசா வேண்டாம், வேற நாட்டுப் பணம் வேண்டாம், பேக்கேஜும் பெரும்பாலும் லட்சத்துக்குள்ள முடிஞ்சிரும். சோலாங் தாண்டி துந்தி, பகர்தாச், லேடி லெக் கேம்ப், அது 3,840 மீட்டர். இந்த மலைய எனக்கு ரொம்பப் பிடிச்சதுக்கு காரணம் உச்சிக்கு முந்தின நாள் நடக்குற பயிற்சி. ஒரு சின்ன பனிச்சரிவுல நம்மள நிக்க வெச்சு வேணும்னே விழச்சொல்லுவாங்க. மல்லாக்க விழணும், தலைகீழா விழணும், சறுக்கிட்டுப் போற வேகத்துல ஐஸ் ஆக்ஸோட தலைய தோள்பட்டைக்குக் கீழ நெஞ்சோட அமுக்கி, குப்புறத் திரும்பி, உடம்பு எடை மொத்தத்தையும் அந்த இரும்புமுனை மேல போடணும், முழங்கால மடக்கி, ஷூவுக்கு அடில மாட்டியிருக்க கிராம்ப்பான் முள்ளு பனில படாம தூக்கிக்கணும், பட்டுச்சுன்னா குட்டிக்கரணம்தான். மொத தடவ யாருக்கும் நிக்காது. அஞ்சாறு தடவ விழுந்தபிறகு கையே தானா செய்யும், அப்போ ஒரு தெம்பு வரும் பாருங்க, அது கிளிமஞ்சாரோவுல எந்த விலைக்கும் கிடைக்காது.

இங்க கொற என்னன்னா, கைடு தரத்துல ஏத்தத்தாழ்வு ஜாஸ்தி. லேடி லெக்ல இருந்து உச்சிக்கு 1,450 மீட்டர் ஏத்தம், அது ஒரே நாள்ல பெரிய ஏத்தம், நல்ல டீம் மேல இன்னொரு கேம்ப் போட்டு அத ரெண்டா ஒடைப்பாங்க, காசு மிச்சம் பிடிக்கிற டீம் அங்கன இருந்தே ஓட்டும். நடுராத்திரி கெளம்புறது வேடிக்கைக்கு இல்ல, வெயில் ஏறுனா பனி எளகி தொட வரைக்கும் கால் புதையும், சரிவு வழியவும் செய்யும். எங்க கைடு ஹிமாச்சல்காரர், ஒரு மணிக்கு இருட்டுல ஒவ்வொருத்தர் கால்கிட்டயும் குனிஞ்சு உக்காந்து கிராம்ப்பான் ஸ்ட்ராப்ப கைய விட்டு இழுத்துப் பாத்தாரு, எங்க கூட வந்த சங்கரன்கோவில் தம்பி ஒருத்தன் தூரத்துல உச்சி தெரிஞ்சும் ரொம்ப மெதுவா வந்தான்னு ஒரு ஆள் கூட அனுப்பி இறக்கிட்டாரு. தம்பிக்கு அன்னைக்கு கோவம், கேம்ப்புல பேசவே இல்ல. எனக்கு அந்த கைடு மேல அன்னைக்குத்தான் மரியாதை கூடுச்சு, ஆளு நடந்துட்டு இருக்கும்போதே இறக்குறதுதான் கைடு, விழுந்தபிறகு தூக்குறதுக்கு அந்தச் சரிவுல ஆள் பத்தாது. வேற ஒரு கம்பெனி டீம்ல பன்னெண்டு பேருக்கு ரெண்டே கைடு வந்ததையும் அதே கேம்ப்புல பாத்தேன், பாக்கவே பயமா இருந்துச்சு. மூணு நாலு பேருக்கு ஒரு கைடாவது இருக்கணும்.

ஐலண்ட் பீக்ல ரெண்டும் சேந்து வரும், ஒசரமும் பனியும். லுக்லா, நாம்சே, திங்போச்சே, சுக்குங்னு போற வழி பூரா ஷெர்பா லாட்ஜ், பருப்பு சோறு, ஏற்கனவே நெறைய நாள் நடக்கிறதால உடம்பு பழகிருது, இந்த மூணுல உடம்பு பழக நல்ல நேரம் குடுக்கிறது இதுதான். பேஸ் கேம்ப் 5,000 மீட்டருக்கு மேல. அங்கன இருந்து பாறை ஏறி, பனியாறு வந்ததும் கயித்துல கட்டிக்கிட்டு, பனிப்பிளவு மேல ஏணி போட்டிருந்தா அதுல கிராம்ப்பானோட நடந்து, கடைசில செங்குத்தா நிக்கிற பனிச்சுவர ஏற்கனவே கட்டி வெச்சிருக்க கயித்துல (ஃபிக்ஸட் ரோப்) ஜூமார்னு மேல மட்டும் நகர்ற கைப்பிடிய போட்டு ஏறணும். சோறு இறங்காத ஒசரத்துல, கை மரத்துப்போன குளிர்ல, ஜூமார மொத தடவயா கைல பிடிச்சா என்னாகும்? முன்னாடி ஒருத்தர் முடிச்சு மாத்தத் தெரியாம நின்னா பின்னாடி இருக்க அத்தன பேரும் கயித்துல தொங்கிட்டு நிக்கணும், நான் அப்படி நின்னேன், கால்விரல் உணர்ச்சியே போயிட்டு. அதனாலதான் ரெண்டாவது மலைன்னு சொன்னேன். உச்சில இருந்து எவரெஸ்ட் தெரியாது, லோட்ஸே மறச்சிரும், ஆனா அந்த லோட்ஸேயோட தெக்குச் சுவர் 8,516 மீட்டருக்கு மூஞ்சிக்கு நேரா நிக்கும், மகாலு, அமா தப்லம் எல்லாம் சுத்தி இருக்கும். மூணு உச்சில எதுக்கு திரும்பப் போவன்னு கேட்டா இதுக்குத்தான் போவேன்.

ரஷ்யால எல்ப்ரஸ், 5,642 மீட்டர், அதையும் சிலர் கேக்காங்க. கேபிள் கார்லயே 3,800 வரைக்கும் போயிரலாம், சில பேர் பனி வண்டில இன்னும் மேல போறாங்க, எனக்கு அதுல மனசு ஒட்டல, 2022க்கு அப்புறம் அங்க நம்ம பேங்க் விசா கார்டும் மாஸ்டர் கார்டும் வேலை செய்யாது. லடாக்ல ஸ்டோக் காங்ரி 2020ல இருந்து மூடிட்டாங்க, அதுக்குப் பதிலா காங் யாட்சே 2ன்னு 6,250 மீட்டர் மலைய விக்காங்க, நல்ல மலைதான், ஆனா லே ஊரே 3,500 மீட்டர், ஃப்ளைட்ல இறங்குன ஒடனே ரெண்டு நாள் சும்மா கெடக்கணும், அந்த ரெண்டு நாள வெட்டுற பேக்கேஜ தொடாதீங்க.

காலேஜ் முடிச்ச பசங்களுக்கு மட்டும் இன்னொரு வழி சொல்லுதேன், இந்த மூணவிடவும் நல்லது. உத்தரகாசில நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், டார்ஜிலிங்ல 1954ல தொடங்குன ஹிமாலயன் மவுண்டனியரிங் இன்ஸ்டிடியூட், இங்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரு மாசம் பேசிக் கோர்ஸ் இருக்கு, தனியார் பேக்கேஜோட ஒப்பிட்டா ஃபீஸ் கம்மி, பாறை, பனி, முடிச்சு, மீட்பு எல்லாம் சொல்லித் தாராங்க. வேலைக்குப் போயிட்டா ஒரு மாச லீவு கிடைக்காது, அதுக்கு முன்னாடியே போயிருங்க.

நேரம்னு பாத்தா ஃப்ரெண்ட்ஷிப்புக்கு மே, ஜூன் இல்லன்னா செப்டம்பர் கடைசி, கிளிமஞ்சாரோவுக்கு ஜனவரி, பிப்ரவரி இல்லன்னா ஜூன்ல இருந்து அக்டோபர், ஐலண்ட் பீக்குக்கு ஏப்ரல், மே இல்லன்னா அக்டோபர், நவம்பர். ஒசரத்தால வர்ற தலைவலி, வாந்திக்கு எடுக்குற டயமாக்ஸ் மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டுட்டு எடுங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா கண்டிப்பா சொல்லிருங்க. பயிற்சிக்கு கடையம் பக்கம் தோரணமலை படிக்கட்டு போதும், பைல தண்ணி பாட்டில அடுக்கி பத்து கிலோ ஆக்கிட்டு வெள்ளன ஏறுங்க, வாரத்துல ரெண்டு நாள், நாலு மாசம். மேல போனதும் தண்ணிய கொட்டிட்டு லேசா இறங்கிறாதீங்க, அதே எடையோட இறங்குங்க, ம்வேகா இறக்கத்துல முட்டி தாங்கணும்னா இறங்கித்தான் பழகணும்.