‘மோட்டார்ஹோமுக்குத் தயார்’ என்று விற்கப்படும் கோல்ஃப் வண்டிகள்: ஓர் எச்சரிக்கை

டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வெளியே, பேட்டரியில் ஓடும் பழைய கோல்ஃப் வண்டிகளைச் சீர்செய்து விற்கும் ஒருவரிடம் 2024 பிப்ரவரியில் ஒரு வண்டியும் அதை ஏற்றிச் செல்ல ஒரு டிரெய்லரும் வாங்கி ஏமாந்தேன். வெட்கத்தால் இதுவரை எழுதவில்லை. சென்ற வாரம் அதே வெள்ளை இருக்கைப் படத்துடனும், ‘ஆறு மாதமே ஆன பேட்டரிகள், மோட்டார்ஹோமுக்குத் தயார்’ என்ற அதே வாசகத்துடனும் அவருடைய விளம்பரம் மீண்டும் கண்ணில் பட்டதால், இனியும் பேசாமலிருப்பது சரியல்ல என்று தோன்றியது.

எங்களிடம் இருப்பது ஃபோர்டு இ-450 சட்டகத்தின்மீது கட்டப்பட்ட பழைய மோட்டார்ஹோம், அதாவது தங்கிக்கொள்ளும் வசதியுள்ள நடமாடும் வீடு. அதைச் சுற்றுலா முகாமில் நிறுத்தி, மின்சாரமும் தண்ணீரும் கழிவுக் குழாயும் இணைத்துவிட்டால், ஒரு பாக்கெட் பால் வாங்க வேண்டுமென்றாலும் அத்தனையையும் கழற்றியாக வேண்டும். அதனால்தான் பலர் பின்னால் ஒரு கோல்ஃப் வண்டியைக் கொண்டுவருகிறார்கள். எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. நாங்கள் போகவிருந்த போர்ட் அரான்சஸ், முஸ்டாங் தீவில் உள்ள கடற்கரை ஊர். அங்கே கோல்ஃப் வண்டிகள் தெருவிலும் மணலிலும் கார்களோடு கார்களாக ஓடும். ஒரு வண்டியிருந்தால் அம்மாவை அலை விளிம்புவரை அழைத்துச் செல்லலாம் என்பதே என் ஆசை. “மாட்டுவண்டிய லாரியில ஏத்திக்கிட்டுப் போற கதையா இருக்கேடா” என்று அம்மா சிரித்தார்கள்.

விற்பனையாளர் தன்மையாகப் பேசினார். நான்கு இருக்கை வண்டிக்கு 5,200 டாலர், எட்டடி டிரெய்லருக்கு 1,300, டிரெய்லரை மோட்டார்ஹோமோடு இணைக்கும் ஹிட்ச் பாகங்களுக்கு 300, ஆக 6,800 டாலர். வண்டி 2016-ஆம் ஆண்டுத் தயாரிப்பு, பேட்டரிகள் ஆறு மாதப் பழசு, டயர்கள் புதியவை, மொத்த எடை 700 பவுண்டு, பதிவெண் தகடு தேவையில்லை, எந்த முகாமிலும் தடையில்லை என்று அடுக்கினார். சமதளமான முற்றத்தில் ஐந்து நிமிடம் ஓட்டினேன். மீட்டர் முழுச் சார்ஜைக் காட்டியது. தையல் பிரியாத வெள்ளை இருக்கை, பளபளக்கும் பெயின்ட், கறுகறுவென்ற டயர்கள். நான் உள்ளே கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோதே அவருடைய ஆட்கள் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். உதவி என்று நினைத்தேன். நான் பார்க்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது என்று இப்போது புரிகிறது.

மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் கிளம்பினோம். நெடுஞ்சாலை 59-இல் மணிக்கு ஐம்பத்தைந்து மைலைத் தொட்டதும் டிரெய்லர் பாம்பாக நெளியத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தால் அடங்கும், கூட்டினால் மறுபடி ஆடும். காரணம் பிறகுதான் விளங்கியது. பின்னிருக்கை வைத்த அந்த வண்டியின் நீளம் ஏறத்தாழ ஒன்பதடி. எட்டடி டிரெய்லரில் அது அடங்காததால், பின்கதவைச் சாய்த்துச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். எடையின் பெரும்பகுதி ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, பின்னால் போய்விட்டது. டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது ஹிட்ச்சின்மேல் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் முன்புறம் தூக்கிக்கொண்டு டிரெய்லர் ஆடவே செய்யும். அவர் சொன்ன 700 பவுண்டும் பேட்டரி இல்லாத எடைதான். எட்டு வோல்ட் பேட்டரிகள் ஆறு சேர்ந்தாலே நானூறு பவுண்டை நெருங்கும். லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடையில் பின்னர் ஏற்றிப் பார்த்தபோது டிரெய்லரும் வண்டியுமாக 1,780 பவுண்டு வந்தது.

எட்னா ஊரைத் தாண்டியதும் டிரெய்லரின் வலப்பக்க டயர் வெடித்தது. எனக்கு அது தெரியவே இல்லை. மோட்டார்ஹோமின் நீளத்தில் அதன் அதிர்வு ஓட்டுநர் இருக்கைவரை எட்டவில்லை. பக்கத்தில் வந்த ஒருவர் ஹாரன் அடித்துக் கைகாட்டிய பிறகே ஓரம் கட்டினேன். கிழிந்த ரப்பர் மட்கார்டைப் பிய்த்து விளக்குக் கம்பிகளையும் அறுத்திருந்தது. ஸ்டெப்னி கிடையாது; வாங்கும்போது கேட்கவும் தோன்றவில்லை. மூன்று மணி நேரம் கழித்து வந்த மெக்கானிக் டார்ச் அடித்து, மிஞ்சியிருந்த டயரின் பக்கவாட்டைக் காட்டினார். டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் குறியீட்டில் கடைசி நான்கு இலக்கங்கள் 2211. அதாவது 2011-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்று மக்குவதே அதிகம் என்பதால், பட்டை தேயாமல் புதிது போலவே இருக்கும். மேலே பூசிய கறுப்புப் பாலிஷ் வெடிப்புகளையும் மறைத்துவிட்டது.

அதே மெக்கானிக் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. ஹிட்ச் உருண்டையைக் கவ்விக்கொள்ளும் டிரெய்லரின் முன்முனை, அதாவது கப்ளர், 2 அங்குல அளவு. எனக்கு விற்ற ஹிட்ச் உருண்டையோ 1 7/8 அங்குலம். வித்தியாசம் அரைக்கால் அங்குலம்தான். பூட்டினால் பூட்டிக்கொள்ளும், இழுத்தால் வரும். பெரிய பள்ளத்தில் குதித்தால் கழன்றுகொள்ளும். உருண்டையின் தலையிலேயே அளவு பொறிக்கப்பட்டிருந்தது. அவரிடமிருந்த 2 அங்குல உருண்டையை மாட்டிக்கொண்டு, டயருக்கும் கூலிக்குமாக 310 டாலர் கொடுத்து, இருட்டிய பிறகு வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகில் ஏறித் தீவை அடைந்தோம்.

முகாமில் எங்களுக்குக் கிடைத்தது 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டில் அது 3,600 வாட்டுக்கு மேல் தாங்காது. ஏ.சி. ஏறக்குறைய 1,500 வாட், வண்டியின் சார்ஜர் ஆயிரத்துக்கு மேல். யாராவது மைக்ரோவேவைத் தொட்டால் பிரேக்கர் விழும். ‘எல்லாம் சேர்ந்தே ஓடும்’ என்று சொல்லித்தான் விற்பனையாளர் விற்றிருந்தார். இரவில் ஏ.சி.யை நிறுத்திச் சார்ஜ் செய்தோம்.

காலையில் முகாம் அலுவலகத்தில் காப்பீட்டுச் சான்று கேட்டார்கள். பதிவெண் தகடும் கேட்டார்கள். டெக்சாஸில் பொதுச்சாலையில் ஓட்ட கோல்ஃப் வண்டிக்குத் தனித் தகடு வேண்டும்; மாவட்ட வரி அலுவலகத்தில் பத்து டாலருக்குக் கிடைப்பது அது. மெதுவாகச் செல்லும் வாகனம் என்பதற்கான ஆரஞ்சு முக்கோணமும் பின்னால் இருக்க வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. தொலைபேசியிலேயே காப்பீடு எடுத்து, அன்று முகாமுக்குள் மட்டும் ஓட்டி, மறுநாள் தகட்டுக்காக அலைந்தேன்.

மூன்றாம் நாள் மாலை ஒருவழியாக அம்மாவை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். முகாமிலிருந்து இரண்டு மைல்கூட ஆகவில்லை, ஈர மணலில் வண்டி நின்றுவிட்டது. மீட்டர் அப்போதும் பாதிக்கு மேல் காட்டியது. அலை ஏறிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்து எங்களைக் கரையேற்றியது. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அங்கிருந்த பழுதுபார்ப்பவர் இருக்கையைத் தூக்கி அரை மணி நேரத்தில் கதையைச் சொல்லிவிட்டார். முழுச் சார்ஜில் ஓய்ந்து நிற்கும் 48 வோல்ட் தொகுப்பு 51 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். எங்களுடையதும் காட்டியது. ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் 38-க்குச் சரிந்தது. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் சார்ஜரிலிருந்து கழற்றிய சிறிது நேரத்துக்கு நல்ல வோல்ட்டேஜைக் காட்டும். சுமை ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். நான் வாங்கப் போன அன்று விற்பனையாளர் சார்ஜரை அப்போதுதான் கழற்றிக்கொண்டிருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. இத்தகைய பேட்டரிகளின் ஈய முனையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள்: எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, எண் ஆண்டின் கடைசி இலக்கம். ஆறில் நான்கு பேட்டரிகளின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழித்திருந்தார்கள். தப்பித்த இரண்டில் ‘கே7’ இருந்தது, அதாவது 2017 நவம்பர். ‘ஆறு’ என்று அவர் சொன்னது பொய்யில்லை; மாதம் என்றதுதான் பொய். ஈயப் பேட்டரிக்கு ஆறு ஆண்டு என்பது கிட்டத்தட்ட முழு ஆயுள். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் மட்டும் புத்தம்புதியவை.

வண்டியின் வயதும் அப்படித்தான். இது கிளப் கார் நிறுவனத்தின் தயாரிப்பு. அவர்களுடைய வரிசை எண்ணில் தொடக்க எழுத்துகளுக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். எங்கள் வண்டியில் அது 07. ஒன்பது ஆண்டுகளை அவர் வாயாலேயே குறைத்துவிட்டார். டெக்சாஸில் கோல்ஃப் வண்டிக்கு உரிமைப் பத்திரம் கிடையாது, ஆகவே அவர் சொல்வதை மறுக்கக் காகிதம் எதுவும் கையில் இருக்காது. வரிசை எண் உள்ள தகட்டைத்தான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் கேட்ட அம்மா, “உங்க தாத்தா பல்லப் புடிச்சுப் பாக்காம மாடு வாங்கினதே இல்லடா” என்றார்கள். எனக்குப் பதில் இல்லை.

திரும்பி வந்து விற்பனையாளரிடம் பேசியபோது, ‘உள்ளது உள்ளபடி’ விற்பனை என்று நான் கையெழுத்திட்ட தாளை நீட்டினார். பொய் சொல்லி வாங்கவைத்திருந்தால் அந்த வாசகம் விற்பவரை முழுவதும் காப்பாற்றாது என்று தெரிந்த ஒரு வழக்கறிஞர் விளக்கினார். டெக்சாஸின் ஏமாற்று வணிகத் தடைச் சட்டத்தின்படி, வழக்குக்கு அறுபது நாட்களுக்கு முன் எழுத்துமூலம் கோரிக்கை அனுப்ப வேண்டும். 20,000 டாலர்வரை உள்ள தொகைக்கு அமைதி நீதிபதி மன்றம் எனப்படும் கீழ்நிலை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குத் தொடுக்கலாம். விளம்பரத்தின் படப்பிரதி, மழித்த முனைகளின் படங்கள், டயர் குறியீடு, ரசீதுகள் அனைத்தையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வண்டி வாங்கிய அன்றே விளம்பரத்தைச் சேமித்து வைத்திருந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஐம்பத்திரண்டாம் நாள் 1,900 டாலருக்குக் காசோலை வந்தது. செலவான பணத்துக்கு அது போதாதுதான். ஆனாலும் மேற்கொண்டு அலைய எனக்குத் தெம்பில்லை, ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த பயணத்தில் அங்கேயே நாள் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தோம். தகடு, காப்பீடு, முக்கோணம் எல்லாம் அதிலேயே இருந்தன. அந்த விளம்பரத்தைப் பார்த்துப் போக நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இருக்கையைத் தூக்கி பேட்டரி முனைகளைப் பாருங்கள். தேய்த்த தடம் இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். தேய்த்த முனை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் கேட்டால், எங்கள் வண்டியில் எடுத்த படங்களை அனுப்புகிறேன்.