ஒரே ஒரு கப்பலோடு பிரிந்து வந்த நாடு: துவாலு ஊர்ப் பயணம்

பசிபிக் கடலின் தீவு நாடான துவாலுவுக்கு ஊர் பார்க்கப் போகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கு முன்னால் கப்பல் புறப்படும் நாளை விசாரிப்பது நல்லது. என் கணவரின் ஊர் வைட்டுபு தீவு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் குடியிருக்கும் நாங்கள் ஃபிஜியின் சுவா வழியாகத் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் இறங்கினோம். விமானம் நேரத்துக்கு வந்தது, குடிவரவுச் சோதனையும் பெட்டிகளும் விரைவாக முடிந்தன. அதற்குப் பிறகுதான் காத்திருப்பு. வெளித்தீவுக் கப்பலின் நாள் மாறிக்கொண்டே இருந்தது. சீட்டு கொடுத்த இடத்தில் போய்க் கேட்டால்தான் சொன்னார்கள். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் மூட்டை கட்டி வந்தவர்கள் திரும்பிப் போனதைப் பார்க்க வருத்தமாக இருந்தது.

கப்பல் குறைவு என்பதை நான் குறை சொல்லமாட்டேன். அதன் காரணத்தை மாமனார் வாயால் கேட்டிருக்கிறேன். ஆங்கிலேயர் ஆட்சியில் இது எல்லிஸ் தீவுகள். இன்று கிரிபாட்டியாக இருக்கும் கில்பர்ட் தீவுகளோடு சேர்த்து ஒரே காலனியாக ஆண்டார்கள். கில்பர்ட் மக்கள் மைக்ரோனீசியர்கள், எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். எல்லிஸ் மக்கள் பாலினீசியர்கள். படித்து, அரசு வேலைகளில் கணிசமாக இருந்தார்கள். சுதந்திரம் நெருங்க நெருங்க, பெரும்பான்மைக்கு நடுவே தங்கள் மொழியும் வேலையும் என்ன ஆகும் என்ற அச்சம் வளர்ந்தது. 1974இல் வாக்கெடுப்பு நடந்தது. பிரிந்தால் அதே காலனியைச் சேர்ந்த ஓஷன் தீவில் வெட்டியெடுத்த பாஸ்பேட் என்ற உரத் தாதுவின் வருமானத்தில் பங்கில்லை, காலனியின் சொத்துகளில் ஒரே ஒரு கப்பல் மட்டும் கிடைக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அப்படியும் 90 சதவீதத்துக்கும் மேலானோர் பிரிவுக்கே வாக்களித்தார்கள். அப்போது இளைஞராக இருந்த மாமனாரும் அவர்களில் ஒருவர். அந்த வாக்கைப் பற்றிப் பேசும்போது இன்றும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். 1975 அக்டோபரில் பிரிவு, 1978 அக்டோபர் 1 அன்று சுதந்திரம், முதல் பிரதமர் டோஆரிப்பி லௌட்டி.

மொத்த நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர்தான். ஒன்பது தீவுகளும் கடலில் சிதறிக் கிடக்கின்றன. மக்கள் ஏறக்குறைய 11,000 பேர். 1987இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவற்றின் உதவியோடு ஓர் அறக்கட்டளை நிதியம் தொடங்கினார்கள். மீன்பிடி உரிமக் கட்டணம், இணையத்தில் ‘டிவி’ என்று முடியும் முகவரிகளின் வருமானம், கப்பல்களில் வேலை செய்யும் ஆண்கள் அனுப்பும் பணம் ஆகியவற்றைச் சேர்த்து நாட்டை நடத்துகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினரானதே 2000இல்தான்.

வங்கியில் நல்ல மாற்றம் தெரிகிறது. 2025 ஏப்ரலில்தான் நாட்டின் முதல் ஏடிஎம் வந்தது. சம்பள நாளில் வங்கி வாசலில் நீண்ட வரிசையில் நின்ற உறவினர்களுக்கு அது எத்தனை பெரிய நிம்மதி என்பதை அவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். ஆனாலும் வெளியிலிருந்து போகிறவர்கள் அட்டையை நம்பாமல் ஆஸ்திரேலிய டாலரை ரொக்கமாகக் கொண்டுபோங்கள். அதுதான் அங்கு புழங்கும் பணம்.

மகளுக்குக் காதுவலி வந்தபோது இளவரசி மார்கரெட் மருத்துவமனைக்குப் போனோம். செவிலியர் பொறுமையாகப் பார்த்து மருந்து கொடுத்தார். அவர்களின் அக்கறைக்கு என் வணக்கம். பெரிய நோய் என்றால் நோயாளியைக் கடல் கடந்து அனுப்ப வேண்டியிருக்கிறது. இதய நோயாளியான மாமியாரை நினைத்தால் அதுதான் என்னை உறங்கவிடுவதில்லை.

தண்ணீர் வீட்டுத் தொட்டியில் சேரும் மழைநீர். 2011 வறட்சியில் அவசரநிலையே அறிவித்தார்கள். விருந்தாளியாகப் போகிறவர்கள் குளியலில் சிக்கனம் காட்டுங்கள். வீட்டுக்காரர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவோடு 2023இல் கையெழுத்தான ஃபாலேப்பிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். கடல் உயர்ந்து கிழங்கு பயிரிடும் குழிகளில் உப்பேறும் தீவில் இளைஞர்கள் அதற்குப் பெயர் கொடுப்பதை நான் எப்படிக் குறை சொல்வேன்? நாங்களும் வெளியே போனவர்கள்தாமே. இருந்தாலும் அந்தச் செவிலியரும் கப்பல் மாலுமிகளும் போய்விட்டால் வைட்டுபுவில் இருக்கும் முதியவர்களை யார் பார்ப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

பணம் வேண்டிய வசதிகளுக்கு நாங்கள் காத்திருப்போம். கப்பலை நடத்துகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: கப்பல் நாள் மாறினால் அன்று காலையே வானொலியில் சொல்லுங்கள், சீட்டு வாங்கியவர்களின் தொலைபேசிக்கு ஒரு வரி அனுப்புங்கள். இதை எழுத்தில் கேட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த முறை போகிறவர்களும் கேளுங்கள்.