தனுஷ்கோடி தேவாலயம்: ஆட்டோவில் ஓர் அரைநாள்

ராமேஸ்வரத்தில் ஓர் ஆட்டோவை அரைநாள் வாடகைக்குப் பேசி, தனுஷ்கோடியின் சிதைந்த தேவாலயத்தைப் பார்த்து வந்தோம். ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருப்பார் என்பது பேச்சு. 1964 டிசம்பர் 22 இரவில் தாக்கிய புயலுக்குப் பின் கூரையின்றி நிற்கும் அந்தச் சுவர்கள், கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டப்பட்டவை. இதை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், ஒரு கல்லருகே எங்களை நிறுத்தி, மூளையின் மடிப்புகளைப் போல அதில் நெளிந்தோடும் வரிகளை ஓட்டுநர் காட்டியது மிக நன்று. "சார், கை வைக்காதீங்க, பொடியும்" என்றார். உப்புக்காற்று சாந்தை அரித்திருப்பது விளிம்புகளில் தெளிவாகத் தெரிகிறது. பவளப்பாறையை வெட்டியெடுப்பது இன்று சட்டப்படி குற்றம் என்பதால், உதிரும் கல்லுக்கு அதே கல்லை வைத்துப் பழுதுபார்க்கவும் வழியில்லை.

குறை ஒன்றுண்டு. பீடம் இருந்த பகுதியை நிதானமாகப் பார்ப்பதற்குள் சாலை முடியும் கடல்முனையான அரிச்சல்முனைக்கு அவசரப்படுத்தியவர், திரும்பும்போது சங்குக் கடையொன்றில் அரைமணி நேரம் காத்திருக்க வைத்தார். வாடகை நியாயமானதே. அடுத்த முறை, கடை வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுவேன்.