கிரீன் கார்டு சட்ட அலுவலகம்: ஆய்வாளர்கள் கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி செய்பவர்களுக்கு, கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) மனு எழுதித் தரும் சட்ட அலுவலகங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். உங்கள் கட்டுரையைப் பார்த்தோம், கிரீன் கார்டுக்குத் தகுதி இருக்கிறது, இலவசமாக மதிப்பிட்டுச் சொல்கிறோம் என்பார்கள். பார்த்தது கட்டுரையை அல்ல, கூகுள் ஸ்காலரில் சைட்டேஷன் எண்ணிக்கையை, அதாவது எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்பதை. அப்படி ஓர் அலுவலகம் வழியாகத்தான் கிரீன் கார்டுக்கு முதல் படியான என் ஐ-140 மனு போய் ஒப்புதலும் வந்தது. பெயர் வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் வேறு சிலரிடமும் பேசிப் பார்த்தேன், எல்லாரும் விற்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

என் ஆராய்ச்சி கோதுமையைத் தாக்கும் தண்டுத் துருநோய்ப் பூஞ்சை பற்றியது. இருப்பது எச்-1பி என்ற வேலை விசாவில். பல்கலைக்கழக வேலை என்பதால் விசாவுக்கான குலுக்கல் தொல்லை கிடையாது, ஆனால் ஆறு ஆண்டு வரம்பு உண்டு.

போஸ்ட்டாக்குகளிடம் இவர்கள் அதிகம் தள்ளுவது வேலைவழிக் கிரீன் கார்டு பிரிவுகளில் ஈபி-2இல் உள்ள என்ஐடபிள்யூ, அதாவது நேஷனல் இன்டரஸ்ட் வெய்வர் எனும் நாட்டு நலன் கருதித் தரும் விலக்கு. காரணம் இருக்கிறது. சிறந்த ஆய்வாளர்களுக்கான ஈபி-1பி என்றால் வேலை கொடுப்பவர்தான் மனுப் போட வேண்டும், அதுவும் நிரந்தரத் தன்மையுள்ள ஆய்வுப் பதவிக்கு. ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் போஸ்ட்டாக்குக்கு அது அநேகமாகக் கைகூடாது. அசாதாரணத் திறமையாளர்களுக்கான ஈபி-1ஏவில் நமக்கு நாமே மனுப் போடலாம், ஆனால் பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்டிவிட்டு, அதன் பிறகும் துறையின் உச்சத்தில் இருக்கும் சிலரில் ஒருவர் என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். என்ஐடபிள்யூவுக்கு தனசார் என்பவரின் வழக்கில் 2016இல் வந்த தீர்ப்பின் மூன்று கேள்விகள்தான்: செய்யும் வேலைக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டா, அதைச் செய்ய நீங்கள் பொருத்தமானவரா, வேலைவாய்ப்பும் லேபர் சர்டிஃபிகேஷனும் (அந்த வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்ற அரசுச் சான்று) வேண்டாமென விடுவதால் நாட்டுக்கு நன்மையா.

இந்த மூன்றுக்கும் விடை எழுதுவதில் அலுவலகம் உண்மையாகவே கெட்டிக்காரத்தனம் காட்டியது. என் வழக்கைப் பார்த்த இளம் வழக்கறிஞருக்குப் பூஞ்சை பற்றி எதுவும் தெரியாது. "இது இங்கே வந்தால் யாருக்கு நஷ்டம்?" என்றுதான் முதலில் கேட்டார். 1998இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட யுஜி99 என்ற துருநோய் இனத்தைப் பற்றிச் சொன்னேன். அதுவரை பயன்பட்டுவந்த முக்கியமான எதிர்ப்பு மரபணுவையே அது வென்றுவிட்டது. நான் ஆய்வுக் கட்டுரையில் ஓர் ஓரமாக எழுதும் அந்தச் சங்கதியை எடுத்து, அமெரிக்கக் கோதுமை விவசாயி, உணவுப் பாதுகாப்பு என்று கட்டி, மனுவின் நடுநாயகமாக வைத்தார். எனக்கு அப்படி எழுத வந்திருக்காது. அதற்குக் கொடுத்த காசு தகும்.

பரிந்துரைக் கடிதங்கள் நேர் எதிர். வரைவுகளை அவர்களே எழுதி அனுப்புகிறார்கள், நாம் பேராசிரியர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வந்த வரைவுகள் எல்லாவற்றிலும் "அரிதினும் அரிதான திறமையாளர்" என்ற அதே புகழ்ச்சி, அதே வரிசையில். என்னோடு சேர்ந்து வேலை செய்யாத, என் கட்டுரையைப் பயன்படுத்திய ஒருவரின் கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அவருடைய வரைவிலும் இதே பாட்டு. வரைவைப் படித்த பேராசிரியர் ஒருவர் பாதியை அடித்துவிட்டுத் தானே நான்கு பத்தி எழுதினார். மனுவில் இருந்த கடிதங்களிலேயே அதுதான் உருப்படி. எல்லாக் கடிதங்களையும் ஒரே அதிகாரிதான் படிப்பார் என்பது இவர்களுக்குத் தெரியாதா என்ன?

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற வாக்குறுதி: ஒப்புதல் கிடைக்காவிட்டால் பணம் வாபஸ். திரும்ப வருவது வழக்கறிஞர் கட்டணம் மட்டும். அரசுக்குக் கட்டும் 715 டாலரும், சொந்தமாக மனுப் போடுபவர் கூடுதலாகக் கட்டும் 300 டாலரும் போனது போனதுதான். சீக்கிரம் பதில் தரும் பிரீமியம் பிராசஸிங் வேண்டுமானால் மூவாயிரம் டாலரை நெருங்கும் தொகை தனி. அதிலும் ஈபி-1ஏவுக்கு 15 வேலை நாளில் பதில், என்ஐடபிள்யூவுக்கு 45 வேலை நாள். தவிர, இந்த உத்தரவாதத்தை எல்லாருக்கும் தருவதில்லை. சைட்டேஷன் குறைவாக இருந்த என் ஆய்வகத் தோழிக்கு உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தம்தான் வந்தது. ஜெயிக்கிற குதிரைக்குத்தான் காப்பீடு.

என் பெரிய குறை வேறு. ஒப்புதல் என்பது கிரீன் கார்டு அல்ல என்பதை, நானாகக் கேட்கும்வரை, தொலைபேசியில் பேசியவர் வாயே திறக்கவில்லை. எந்த நாட்டில் பிறந்தவருக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் ஏழு சதவீதம்தான் என்பதால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-2 வரிசை பத்தாண்டுகளுக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கிறது. பக்கத்து மேசைக் கொரியருக்கும் எனக்கும் ஒரே கட்டணம், ஒரே பொருள் அல்ல. கணக்கில் வருவது குடியுரிமை அல்ல, பிறந்த நாடு. கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசையில் நிற்கலாம். என் நண்பர் ஒருவரின் மனைவி கொழும்பில் பிறந்தவர். திருநெல்வேலிக்காரரான அவர் இலங்கை வரிசையில் போனதால் எங்கள் எல்லாரையும் தாண்டிப் போய்விட்டார். இந்த அலுவலகத்தின் நீண்ட கேள்விப் படிவத்தில் மனைவி எங்கே பிறந்தார் என்ற கேள்வியே இல்லை.

சரி, அப்படியானால் இந்தியர் எதற்கு இதைப் போட வேண்டும்? ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதற்குத்தான். மனு போய்ச் சேரும் நாளே நம் முன்னுரிமைத் தேதி, வரிசையில் நம் இடம் அதைப் பொறுத்தது. ஒப்புதல் கிடைத்த பின், நாளை ஈபி-1ஏ கிடைத்தால் பழைய தேதியை அங்கே எடுத்துப் போகலாம், அங்கே வரிசை இதைவிடச் சின்னது. எச்-1பியை ஆறு ஆண்டுக்கு மேலும் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கலாம். எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் வீட்டில் இந்தக் கடைசிக் காரணத்துக்கே பாதிப் பணம் நியாயமாகிவிட்டது.

பரிமாற்றத் திட்ட விசாவான ஜே-1இல் இருப்பவர்கள் மட்டும் இவர்கள் சொல்வதைக் கேட்டு அவசரப்படாதீர்கள். சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்கு உண்டா என்று முதலில் பாருங்கள். இந்த விதி எந்த நாட்டின் எந்தத் துறையினருக்கு என்று சொல்லும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள் என்றாலும், அரசுப் பணத்தில் வந்தவர்களை விதி விடாது. ஐ-140 போட்டுவிட்டு ஊருக்குப் போய் ஜே-1 முத்திரைக்கு நின்றால், இந்தியாவுக்கே திரும்பிவிடும் எண்ணம் உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் திணற வேண்டியிருக்கும். அந்த இரண்டாண்டு விதியிலிருந்து விலக்கு வாங்கும் வேலையை இந்த அலுவலகம் எடுப்பதில்லை.

மற்றபடி இணையதளம் சுமார், உதவியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒரே சான்றிதழைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம்.

இப்போது அதே அலுவலகம் ஈபி-1ஏ போடலாமா, பழைய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி உண்டு என்று எழுதியிருக்கிறது. கடித வரைவு வேண்டாம், மனு உரை மட்டும் போதும், அதற்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.