ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: எதை வாங்குவது, எப்படிக் கலப்பது

வயிற்றுப்போக்கில் இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். மெடிக்கல் ஷாப்பில் போய் "ஓ.ஆர்.எஸ். கொடுங்க" என்று கேட்டால் பொடி பாக்கெட்டும் வரலாம், ஸ்ட்ரா குத்திக் குடிக்கும் ஜூஸ் பெட்டியும் வரலாம். வயிற்றுப்போக்குக்கு வாங்க வேண்டியது பொடி பாக்கெட். அதிலும் வீட்டுக்கு ஒரு லிட்டர் பாக்கெட்டே சரி. விலை சுமார் 20 முதல் 25 ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் அன்ஹைட்ரஸ் (குளுக்கோஸ்தான்) 13.5 கிராம் என்று இருக்க வேண்டும். மொத்தம் 20.5 கிராம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் பரிந்துரைத்த அளவு இது. எல்லாக் கடையிலும் கிடைக்கும் எலக்ட்ராலின் பெரிய பாக்கெட் 21.8 கிராம், மருந்துப் பொருள் இதே 20.5 கிராம்தான், மீதி சுவைக்கும் மணத்துக்கும். இந்த நான்கு எண்களும் பொருந்தினால் எந்த கம்பெனி பாக்கெட்டும் ஒன்றுதான். ஆரஞ்சு, எலுமிச்சை வாசனையில் வருவதை வாங்கலாம், குழந்தை முரண்டு பிடிக்காமல் குடிக்கும்.

இந்த எண்களை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்பது சிறுகுடலைப் பார்த்தால் புரியும். நாம் குடிப்பது, எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். மீதியைப் பெருங்குடல் எடுத்துக்கொள்ள, மலத்தோடு வெளியேறுவது 100, 200 மி.லி.தான். காலரா போன்ற தொற்றில் கிருமியின் நச்சு, குடல் செல்களிலிருந்து குளோரைடை இடைவிடாமல் வெளியே கொட்ட வைக்கிறது. அதன் பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் போய்விடும். உப்பை உறிஞ்சும் வழக்கமான வழிகளில் ஒன்றும் அடைபடுகிறது. ஆனால் எஸ்.ஜி.எல்.டி-1 என்ற ஒரு வாசலை அந்த நச்சு தொடுவதில்லை. ஒரு குளுக்கோஸ் இரண்டு சோடியத்தோடு சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். சோடியமும் குளுக்கோஸும் உள்ளே போனால் தண்ணீரும் கூடவே போகும். வெறும் தண்ணீரில் சோடியம் இல்லை, குளுக்கோஸும் இல்லை. அதனால்தான் குடம் குடமாகக் குடித்தாலும் இழந்தது ஈடாவதில்லை.

சரி, குளுக்கோஸைக் கூட்டிப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அளவு மீறிய சர்க்கரை உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கி, உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும், பேதி அதிகமாகும். 2002-க்கு முந்தைய பாக்கெட்டில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் இருந்தது, கரைசலின் செறிவு லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோல். குளுக்கோஸையும் உப்பையும் குறைத்து 245-க்குக் கொண்டுவந்ததும் குழந்தைகளுக்கு மலத்தின் அளவும் வாந்தியும் குறைந்தன, டிரிப்ஸ் போட வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த அளவு மாற்றத்துக்கே இவ்வளவு வித்தியாசம்.

ஜூஸ் பெட்டி தோற்பது இங்கேதான். பழச்சாறு வகைப் பானத்தில் 100 மி.லி.க்கு 10 கிராம் சர்க்கரை இருப்பது சாதாரணம். லிட்டருக்கு 100 கிராம் ஆகிறது. சூத்திரத்தில் இருப்பதோ 13.5. ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்கள் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. பெயர் மாறினாலும் அதே வகைப் பெட்டிகள் கடையில் இருக்கத்தான் செய்யும். குளுக்கோஸ் பொடி டப்பாவும் இதற்கு மாற்று ஆகாது, அதில் உப்பு இல்லை. இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் போதாது. பாக்கெட் கைக்கு வரும் வரை கொடுக்க நல்லது உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர். அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கைப்பிடிக் கணக்கு வேண்டாம்.

இப்போது கலப்பது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் அளந்து மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றுங்கள். லிட்டர் வாட்டர் பாட்டில் இருந்தால் அதுவே அளவு. நிரம்பிய பாட்டிலுக்குள்ளேயே பொடியைக் கொட்டினால் வழியும், அதனால் பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. பாக்கெட்டின் மூலையில் ஒட்டியிருப்பதையும் தட்டிப் போட்டு, முழுதும் கரையும் வரை கலக்குங்கள். கலந்த பிறகு சூடாக்க வேண்டாம். சர்க்கரை, பால், சோடா எதுவும் சேர்க்க வேண்டாம். சரியாகக் கலந்த கரைசல் லேசாகக் கரிக்கும், கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

மிக ஆபத்தான தவறு, லிட்டர் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைப்பது. 200 மி.லி.க்கான சிறிய பாக்கெட்டும் பார்வைக்கு அதே மாதிரி இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. ஐந்து மடங்கு செறிவான கரைசல், ரத்தத்தில் சோடியத்தை ஏற்றிக் குழந்தைக்கு வலிப்பு வரை கொண்டுபோகலாம். சிறிய பாக்கெட் பயணத்துக்கு வசதி. ஆனால் வீட்டு டம்ளர் 150-உம் இருக்கும், 300-உம் இருக்கும், அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள். பெரிய பாக்கெட்டைப் பாதியாகப் பிரிப்பதும் சரியல்ல: கண்ணளவு தப்பும், மீதிப் பொடி ஈரம் இழுத்துக் கட்டியாகும்.

இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு முறை பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி., அதற்கு மேல் குடிக்கிற அளவு. ஸ்பூனாலோ டம்ளரிலோ மெதுவாகக் கொடுங்கள், பால் பாட்டில் வேண்டாம். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, 2, 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக மறுபடி தொடங்குங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது.

ஓ.ஆர்.எஸ். மேல் அடிக்கடி வரும் புகார், "கொடுத்தும் பேதி நிக்கலையே" என்பது. இது பேதியை நிறுத்தும் மருந்து இல்லை. இழந்த தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தருவது மட்டுமே இதன் வேலை, உயிரைக் காப்பதும் அதுதான். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் போங்கான் முகாமில் காலரா பரவியபோது, டிரிப்ஸ் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கலந்த கரைசலைக் கொடுக்க வைத்தார். நோயாளிகளுக்குப் புகட்டியது பெரும்பாலும் வீட்டார்தான். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது.

குழந்தைக்குப் பேதியின் நாட்களைக் குறைக்க பாக்கெட்டோடு துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள். பேதியை நிறுத்தும் லோபெரமைடு வகை மாத்திரை குழந்தைகளுக்கு வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம் சோடியமும், கூடவே பொட்டாசியமும் இருக்கிறது. பேதி இல்லாமல் வெயிலுக்குத் தினமும் குடிப்பதும் தேவையில்லாதது. சர்க்கரை நோயாளிக்குப் பேதி என்றால் தயங்காமல் கொடுக்கலாம், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் இரண்டு நொடிக்கு மேல் மடிப்பாகவே நிற்பது, கண் குழிவது, மயக்கம், குடிக்கவே முடியாமை, மலத்தில் ரத்தம், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இதில் எது இருந்தாலும் பாக்கெட்டை நம்பி வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வழியிலும் குடிக்க முடிந்தால் கொடுத்துக்கொண்டே.

வீட்டில் எப்போதும் ஒரு லிட்டர் பாக்கெட் இரண்டு, மூன்று இருக்கட்டும். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். காலாவதித் தேதி தாண்டியதும், பொடி பழுப்பாக மாறியதும், கலக்கினாலும் கரையாமல் கட்டியாக நிற்பதும் குப்பைக்கு.