பழைய கைக்கருவிகளில் துரு எடுப்பது: பல வருடப் பயன்பாட்டில் எது நின்றது

துருப்பிடித்துக் கிடந்த ஸ்பேனர், உளி, கொறடு, அரம் எல்லாவற்றையும் மீட்டெடுத்துப் பல வருடங்களாக அவற்றை வைத்தே வேலை பார்க்கிறேன். துரு எடுத்த அன்று எந்த முறையிலும் கருவி பளிச்சென்றுதான் இருக்கும். ஒரு மழைக்காலம் தாண்டியபின் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அப்படிப் பார்த்ததில் நான் இன்றுவரை விடாமல் வைத்திருப்பது சிட்ரிக் ஆசிட்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு சுமார் 50 கிராம் பொடி போதும். பிசுக்கு இருக்கும் இடத்தில் ஆசிட் பிடிக்காது என்பதால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். லேசான துரு சில மணி நேரத்தில் விட்டுவிடும். கெட்டிப்பட்டதற்கு ஓர் இரவு ஆகும். நடுவில் எடுத்துக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டால் சீக்கிரம் முடியும். வினிகரிலும் துரு போகும். ஆனால் நாள் பிடிக்கும், வாடையும் லேசில் போகாது. எதில் போட்டாலும் அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். ஆசிட் துருவோடு நிற்பதில்லை, நல்ல இரும்பையும் கரைக்கும். உளியைப் பாதி மட்டும் முக்கி வைத்தால் நீர்மட்டம் நின்ற இடத்தில் ஒரு கோடு அரித்துவிடும். பிடியைக் கழற்றி முழுக்க முக்குவதே நல்லது.

வெளியே எடுத்த பிறகுதான் உண்மையான வேலை. மேலே கறுப்பாக ஒரு படலம் இருக்கும். ஸ்டீல் உல்லால் துடைத்தால் கீழே சாம்பல் நிற இரும்பு தெரியும். அந்த வெற்று இரும்பு ஈரத்தோடு சில நிமிடம் இருந்தாலே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு படரும். அதனால் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, ஹேர் டிரையரால் சூடேற்றி, அந்தச் சூடு இருக்கும்போதே எண்ணெய் போட்டுவிடுகிறேன். கொறடுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும், அதன் மூட்டுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும். எண்ணெய் விட்டுத் திறந்து மூடினால் பழுப்பாகச் சாறு கசியும். துடைத்து, மறுபடி விட்டு, எண்ணெய் தெளிவாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும். இதைச் சோம்பாமல் செய்த கொறடுகள் இன்றும் ஒரு விரலில் திறக்கின்றன.

சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாக இறுகிவிடும். அசையும் பாகங்களுக்கு மிஷின் ஆயில் போடுகிறேன். உளிக்கும் இழைப்புளியின் அடிப்பரப்புக்கும் மெழுகு. மரத்தில் கறை படியாது.

பழைய அரத்தை ஊறவைப்பதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. பற்களுக்கு இடையே அடைத்திருந்த துரு போவதோடு ஆசிட் பற்களையும் கொஞ்சம் அரிப்பதால் கடி சற்றுக் கூடுகிறது. முழுக்கத் தேய்ந்த அரத்துக்கு இது உதவாது.

துத்தநாகப் பூச்சு உள்ள கருவியை ஆசிட்டில் போடாதீர்கள், பூச்சு கரைந்துவிடும். ஸ்பிரிங்கையும் மெல்லிய கடின எஃகையும் நீண்ட நேரம் போட்டால் ஹைட்ரஜன் ஏறி உடையக்கூடியதாக ஆகலாம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைக் கருவிகள் இருக்கும் அறையில் திறக்கவே கூடாது. அதன் ஆவி பட்டு, பக்கத்தில் இருக்கும் நல்ல கருவிகளும் துருப்பிடிக்கும்.

வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) போன்ற பெரிய இரும்புக்கு மட்டும் மின்பகுப்பு, அதாவது சலவை சோடா கரைத்த தண்ணீர் வழியே 12 வோல்ட் சார்ஜரிலிருந்து மின்சாரம் பாய்ச்சித் துரு எடுப்பது. கருவி நெகட்டிவ் முனையில், கழிவு இரும்பு பாசிட்டிவ் முனையில். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மாட்டினால் நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் நெருப்பில்லாத, காற்றோட்டமான இடம் அவசியம்.

ரம்பத் தகட்டை இப்போதெல்லாம் ஊறவைப்பதே இல்லை. தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, கையாலேயே தேய்க்கிறேன். தகட்டில் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் முத்திரை பெரும்பாலும் துருவுக்கு அடியில் மங்கலாக மிஞ்சியிருக்கும். மிஷினில் சுழலும் கம்பி வீலை வைத்தால் அதுவும் போய்விடும். அந்த இடத்துக்கு வந்ததும் கையை மெதுவாக்கிக்கொள்ளுங்கள்.