மூன்று டிரான்சிஸ்டர் ஏஎம் ரேடியோ கிட்: வாங்கலாம், ஆனால் இரண்டு பாகங்களை மாற்றிவிடுங்கள்

வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்பேன், ஆனால் பையைப் பிரித்ததும் டையோடையும், ஏரியல் காயில் சுற்றும் ஃபெரைட் ராடையும் ஓரமாக எடுத்து வைத்துவிட வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் 400 ரூபாய்க்குள் கிடைத்தது. பாகங்களைப் பொருத்தும் சின்ன பிசிபி பலகை, மூன்று பிசி547 டிரான்சிஸ்டர், ஸ்டேஷன் மாற்றும் 2ஜே கேங், சோக் என்கிற கம்பிச்சுருள், சின்ன அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், 8 ஓம் ஸ்பீக்கர், அப்புறம் சில்லறை ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். கூட வரும் தாளில் அச்சு மங்கல், ஆனால் சர்க்யூட் படம் சரியாக இருக்கிறது.

அந்த சர்க்யூட்தான் இந்த கிட்டின் அழகு. ரிஃப்ளெக்ஸ் முறை, அதாவது முதல் டிரான்சிஸ்டர் காயிலில் இருந்து வரும் ரேடியோ அலையைப் பெருக்குகிறது, டையோடு அதிலிருந்து குரலைப் பிரிக்கிறது, அந்தக் குரல் திரும்பவும் அதே டிரான்சிஸ்டருக்குள் போய் இன்னொரு தடவை பெருக்கப்பட்டு வெளியே வருகிறது. டிரான்சிஸ்டரின் வெளியீட்டுக் காலான காலெக்டரில் இருக்கும் சோக் ரேடியோ அலையை மறித்து டையோடு பக்கம் திருப்பிவிடும், குரலை மட்டும் தன் வழியே விடும். ஒரே டிரான்சிஸ்டர் இரண்டு வேலை செய்கிறது, டிரான்சிஸ்டர் விலை அதிகமாக இருந்த காலத்து மூளை இது, இன்றைக்கும் எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க வியப்புத்தான்.

சரி, குறைகள். எனக்கு வந்த பையில் 1என்4148 டையோடு இருந்தது, அது சிலிக்கான், திறக்கவே 0.6 வோல்ட் பக்கம் வேண்டும், பலவீனமான ஸ்டேஷன்கள் அங்கேயே செத்துவிடும். ஓஏ79 மாதிரி ஜெர்மானியம் டையோடு 0.2, 0.3 வோல்ட்டிலேயே வேலை செய்யும், பழைய ரேடியோ பழுது பார்க்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். ராடு சுண்டு விரல் நீளம்கூட இல்லை. பழைய டிரான்சிஸ்டர் செட்டில் இருந்து கழற்றிய நீளமான ராடில் சுமார் 70 சுற்று, பக்கத்திலேயே டிரான்சிஸ்டரின் உள்ளீட்டுக் காலான பேஸுக்கு 6 சுற்று என்று எனாமல் கம்பியில் சுற்றிப் போட்டேன், அதுவரை திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் மட்டும் கேட்ட செட்டில் இரவானால் சென்னை 720-உம் தூத்துக்குடி 1053-உம் வர ஆரம்பித்தன.

ட்யூன் ஆகும் சர்க்யூட் ஒன்றே ஒன்றுதான் என்பதால் பக்கத்து ஸ்டேஷன்களைத் துல்லியமாகப் பிரிக்காது, திருச்சிக்குள் இருந்தால் 936 டயலில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு வழி ராடைத் திருப்புவதுதான். ராடின் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசை ஸ்டேஷன் அமுங்கிவிடும், உள்ளூர் சத்தத்தை அப்படி அடக்கிவிட்டுத் தூரத்து ஸ்டேஷனைத் தேடலாம். செட் விசிலடித்தால் பயப்பட வேண்டாம், சோக் ராடுக்குப் பக்கத்தில் இருக்கும், அதைத் தள்ளி ராடுக்குக் குறுக்காக நிறுத்துங்கள். மொபைல் சார்ஜரையும் மலிவு எல்இடி பல்பையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் இரைச்சல்தான் மிஞ்சும்.

சின்ன 9 வோல்ட் பேட்டரி இதற்குத் தாங்காது. கடைசி டிரான்சிஸ்டர் கிளாஸ் ஏ முறையில் ஓடுகிறது, அதாவது வால்யூமைக் குறைத்தாலும் கரண்ட் குறையாது, ஆறு பென்சில் செல் போடுவதே நல்லது.

இதே விலைக்கு டிஏ7642 போட்ட கிட்டும் விற்கிறார்கள். 1972-இல் பிரிட்டனின் ஃபெரான்டி கொண்டுவந்த இசட்என்414-இன் வழியில் வந்த மூன்று கால் ஐசி அது, 1.5 வோல்ட்டில் ஓடும், சீக்கிரம் பொருத்தி முடித்துவிடலாம், ஒலியும் இதைவிடத் தெளிவு. ரேடியோ கேட்டால் போதும் என்பவர்களுக்கு அது சரி. ஆனால் பத்து டிரான்சிஸ்டர் அதற்குள்ளே மூடிக் கிடக்கிறது, எங்கேயும் தொட்டுப் பார்க்க முடியாது. இதிலோ டையோடுக்கு அடுத்து கிரிஸ்டல் இயர்போனை வைத்தால் மெல்லிய குரல், இரண்டாவது டிரான்சிஸ்டரின் காலெக்டரில் வைத்தால் அதே குரல் பல மடங்கு, ஒவ்வொரு கட்டத்தையும் காதாலேயே சோதிக்கலாம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு வாங்குவதென்றால் யோசிக்காமல் இதையே வாங்குங்கள், கூடவே இரண்டு ஓஏ79.